ஆண்டவர் இருந்த மன்னார்

யுத்த காலத்தில் மன்னாரில் ஒரு வீட்டில் ஆள் காணாமல் போனால் பொலிசுக்குப் போவார்கள், முகாமுக்குப் போவார்கள், செஞ்சிலுவைச் சங்கத்தில் பதிவார்கள், பிறகு ஆயர் இல்லத்துக்கு வருவார்கள். சில வீட்டுக்காரர் முதலில் வருவதே அங்கேதான். அடையாள அட்டையின் போட்டோப் பிரதி, பாஸ்போர்ட் அளவுப் படம், கிராம சேவகரின் கடிதம், யாரோ எழுதிக் கொடுத்த மனு, எல்லாம் நாலாய் மடித்து ரப்பர் பான்ட் போட்டு ஒரு பொலித்தீன் பைக்குள் இருக்கும். காணாமல் போன மகனுக்காக என் மாமியிடமும் அப்படியொரு பை இருந்தது. பிரித்துப் பிரித்து மடித்ததில் மனுத்தாள் மடிப்போரத்தில் கிழிந்து, அதற்குப் பின்னால் டேப் ஒட்டி வைத்திருந்தா. ஊரை விட்டு வந்து காலமாகிவிட்டது. பள்ளிமுனைப் பெருக்கமரமும் தெருவில் படுத்திருக்கும் கழுதைகளும் கருவாட்டு வாசமும் நினைவுக்கு வருவதற்கு முன்னால், எனக்கு அந்தப் பைதான் வரும். அதைக் கொண்டுபோய்க் கொடுக்க ஒரு வாசல் இருந்ததும் வரும்.

நாங்கள் ஆண்டவர் என்று அழைத்த ஆயர் இராயப்பு யோசேப்பு ஆண்டகை பிறந்தது நெடுந்தீவில், 1940இல். மன்னார் மறைமாவட்டமே 1981இல்தான் உண்டானது. அதன் இரண்டாவது ஆயராக 1992இல் வந்தார். எப்படிப்பட்ட மன்னாருக்கு வந்தார் என்பதை இன்றைய பிள்ளைகளுக்குச் சொன்னால்தான் விளங்கும். தலைமன்னார் ரயில் நின்றுபோயிருந்தது. தீவையும் பெருநிலத்தையும் இணைத்த பாலம் 1990இல் உடைந்து, புதுப் பாலம் 2010இல்தான் திறந்தது. இடையிலே இருபது வருஷம் நாங்கள் தள்ளாடிச் சோதனைச்சாவடியில் பஸ்ஸை விட்டு இறங்கி, பையை விரித்துக் காட்டி, பாஸைக் காட்டி, நடந்துதான் ஊருக்குள் போனோம். கடலுக்குப் போகவும் பாஸ். 1990 அக்டோபரில் முஸ்லிம் சனத்தைப் புலிகள் வெளியேற்றியதால் தெருத்தெருவாக வீடுகள் வெறுமையாய்க் கிடந்தன. பாதி ஆளில்லாத ஊரும், பாதி அகதியாய் வந்தவர்களுமாக இருந்த ஒரு மறைமாவட்டத்தைத்தான் அவர் கையில் கொடுத்தார்கள்.

மடுவைச் சொல்லாமல் அவரைச் சொல்ல முடியாது. ஆடி இரண்டாம் திகதித் திருவிழாவுக்கும் ஆவணி பதினைந்துக்கும் ஒரு கிழமைக்கு முன்னரே போய்க் காட்டுக்குள் கொட்டில் போடுவோம். உழவு இயந்திரப் பெட்டியில் பாய், பானை, விறகு, அரிசி, கோழி. ஆடித் திருவிழாவுக்குப் போனால் பாலைப்பழக் காலம். தின்னத் தின்னப் பால் ஒட்டி உதடு இரண்டும் பிசினாகிவிடும், அம்மா தேங்காய் எண்ணெய் தடவித் துடைத்துவிடுவா. அடுத்த கொட்டிலில் நீர்கொழும்பிலிருந்தோ சிலாபத்திலிருந்தோ வந்த சிங்களக் குடும்பம் இருக்கும். அவர்கள் பாஷை எங்களுக்கு வராது, எங்கள் பாஷை அவர்களுக்கு வராது. கறி மட்டும் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய்வரும். மாதாவின் கூடு வெளியே வரும்போது இரண்டு பாஷையிலும் ஒரே நேரத்தில் செபம் எழும். அந்தச் சத்தத்தை நான் வேறெங்கும் கேட்டதில்லை. இன்னொரு முறை கேட்க வேண்டும் என்பது தீராத ஆசை.

அந்த மடுவே யுத்த காலத்தில் அகதி முகாமானது. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் கோயில் வளவிலும் காட்டிலும் வருஷக்கணக்காக இருந்தன. 1999 நவம்பரில் அங்கே ஷெல் விழுந்து ஏறக்குறைய நாற்பது பேர் செத்தார்கள். படை புலியைச் சொன்னது, புலி படையைச் சொன்னது. மடுவை ஆயுதமில்லாத சமாதான வலயமாக விட்டுவிடுங்கள் என்று ஆயர் இரண்டு தரப்பிடமும் கேட்டுக்கொண்டே இருந்தார். 2008 ஏப்ரலில் ஷெல்லடிக்கு நடுவே குருமார் மாதாவின் சொரூபத்தைத் தேவன்பிட்டிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். ஒல்லாந்தர் காலத்தில் மாந்தையிலிருந்து ஓடி மடுக் காட்டுக்கு வந்தவள், மறுபடியும் ஓடினாள். அந்த வருஷமே மாதா திரும்பி வந்துவிட்டா. அவவுக்குப் பின்னால் இடம்பெயர்ந்து வன்னிக்குள் போன சனத்தில் எத்தனையோ பேர் வரவில்லை.

2007 ஜனவரியில் இலுப்பைக்கடவைக்குப் பக்கத்தில் படகுத்துறை மீனவக் குடியிருப்பில் விமானப்படை குண்டு போட்டது. புலிகளின் தளத்தைத்தான் தாக்கினோம் என்றது அரசாங்கம். ஆயர் நேரே போய் இடத்தைப் பார்த்து, செத்தவர்கள் சாதாரண சனம் என்று வெளியே சொன்னார். அதே வருஷம் செப்டெம்பரில், அகதிகளுக்குச் சாமான் கொண்டுபோன அவருடைய மறைமாவட்டக் குரு பாக்கியரஞ்சித் அடிகளார் கிளைமோர்க் குண்டில் கொல்லப்பட்டார். தன் குருவையே அடக்கம் செய்த ஒருவர் அதற்குப் பிறகு வாயை மூடிக்கொண்டு பூசையோடு நின்றிருந்தாலும் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

அவரோ ஆட்களை எண்ணத் தொடங்கினார். 2011 ஜனவரியில், யுத்தத்தைப் பற்றி விசாரித்த அரசாங்கத்தின் நல்லிணக்க ஆணைக்குழு மன்னாருக்கு வந்தபோது, குருமார் இருவருடன் போய் எழுத்தில் ஒரு கணக்கைக் கொடுத்தார். 2008 அக்டோபர் தொடக்கத்தில் வன்னியில் இருந்த சனம், கச்சேரிக் கணக்குப்படி 4,29,059. 2009 ஜூலை 10 வரை அரசாங்கப் பகுதிக்கு வந்து சேர்ந்ததாகப் பதிவானவர்கள் 2,82,380. மிச்சம் 1,46,679 பேர். இவர்களுக்கு என்ன நடந்தது என்று கேட்டார். ஒரு கழித்தல் கணக்கு, நாலாம் வகுப்புப் பிள்ளை போடக்கூடியது. அதைப் போட்டு, ஆணைக்குழுவின் முன்னால் வாசிக்க அந்த நேரத்தில் நாட்டில் வேறு எத்தனை பேருக்குத் துணிவு இருந்தது? அடுத்த வருஷம் புலனாய்வுப் பிரிவினர் வந்து, இந்த இலக்கம் எங்கிருந்து வந்தது என்று அவரிடம் விசாரித்தார்கள். வன்னியில் இருந்த சனத்தின் இலக்கம் அரசாங்கக் கச்சேரியிலிருந்து வந்தது.

மாமி அந்த இலக்கத்தைப் பேப்பரில் பார்த்துவிட்டு டெலிபோன் எடுத்தா. “இவனும் அதுக்குள்ள நிக்கிறான்தானே?” என்று கேட்டா. நிற்கிறான் மாமி என்றேன். சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “அப்ப சரி, ஆண்டவர் எண்ணிப்போட்டார்” என்றா. மகன் வரவில்லை, வருவான் என்றும் யாரும் அவவுக்குச் சொல்லவில்லை. அவன் ஒரு கணக்கில் இருக்கிறான் என்பது அவவுக்குப் போதுமாயிருந்தது. அந்தப் போதுமென்ற மனத்தை அவவுக்குக் கொடுத்த மனிதருக்கு நான் என்றைக்கும் கடமைப்பட்டவன்.

அவரைப் பிடிக்காதவர்கள் இருந்தார்கள். தெற்கில் சிலர் அவரைப் புலிகளின் ஆயர் என்றே எழுதினார்கள். திரும்பி வந்த முஸ்லிம்களின் காணி, மீன்பிடித்துறை விவகாரங்களில் அவர் தன் சனத்தின் பக்கம் சாய்கிறார் என்ற குற்றச்சாட்டும் வந்தது. அந்தக் காயம் எங்கள் ஊரில் இன்னமும் ஆறவில்லை. அதை மறைத்துவிட்டு அவரைப் புகழ எனக்கு விருப்பமில்லை. ஆனாலும் மன்னாரில் ஒரு அநியாயம் நடந்தால் பேர் போட்டு, திகதி போட்டு, கையெழுத்துப் போட்டுச் சொல்ல ஒரு ஆள் இருந்தார். கடற்படை பிடித்துவைத்திருந்த முள்ளிக்குளத்துக்காகக் கேட்டவரும் அவர்தான். 2007இல் அந்த ஊரை விட்டு எழுப்பப்பட்ட சனம் 2017இல் தெருவில் குந்தியிருந்து நூறு ஏக்கரை விடுவிக்கிறோம் என்ற வாக்கைப் பெற்றபோது, அவர் ஓய்வுபெற்றுவிட்டார்.

2015 ஜனவரியில் பாப்பரசர் பிரான்சிஸ் மடுவுக்கு வந்தார். இலட்சக்கணக்கில் சனம் கூடிய அந்தப் பகலில், யுத்தத்தில் பிள்ளையை இழந்த தாய்மார் வடக்கிலிருந்தும் தெற்கிலிருந்தும் வந்திருந்தார்கள். பாப்பரசரை வரவேற்று நின்றவர் எங்கள் ஆயர். டெலிவிஷனில் பார்த்துக்கொண்டிருந்த எங்களுக்கு அழுகை வந்தது. அதே வருஷம் அவர் நோயில் விழுந்தார். பேச்சும் நடையும் குறைந்தன. 2016 ஜனவரியில் அவருடைய ஓய்வைத் திருச்சபை ஏற்றுக்கொண்டது. 2021 ஏப்ரல் முதலாம் திகதி, பெரிய வியாழன் அன்று, யாழ்ப்பாணத்தில் காலமானார். உயிர்ப்பு ஞாயிறுக்கு மறுநாள் மன்னார் புனித செபஸ்தியார் பேராலயத்தில் அடக்கம். கொரோனாக் காலத்தில் ஊருக்குப் போக முடியவில்லை. போயிருந்தால் அந்த வரிசையில் மாமிக்காகவும் நின்றிருப்பேன்.

2025இல் காற்றாலைக்கும் கனிம மணல் அகழ்வுக்கும் எதிராக மன்னார்ச் சனம் நாட்கணக்கில் தெருவில் இருந்தார்கள். குருமாரும் கூட இருந்தார்கள். சித்தப்பாவும் தினம் போய்க் குந்தியிருந்துவிட்டு வந்து டெலிபோனில் கதைப்பார். ஒருநாள், ஆண்டவர் இருந்திருந்தால் எப்படியிருக்கும் சித்தப்பா என்று கேட்டேன். “இருந்திருந்தா எத்தினை ஏக்கர், எத்தினை குடும்பம், ஆற்ற காணி எண்டு முதல்ல எழுதித் தா எண்டு கேட்டிருப்பார். நாங்கள் இப்பதான் எழுதிக்கொண்டிருக்கிறம்” என்றார்.