கண்ணாடியில் படியும் கறை

தென்னேரியில், பட்டுப் பாவு ஏறிய தறியருகே எண்ணெய்க் கையோடு போகலாகாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். சிறுவயதில் ஒருமுறை மீறினோம். பாவில் விரல் தடம். அப்பாவின் கூலியில் பிடித்தம்.

2015 செப்டம்பர் 28 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட அஸ்ட்ரோசாட்டின் புறஊதாத் தொலைநோக்கியைப் பற்றி வாசித்தபோது அந்தத் தடம் நினைவில் எழுந்தது. அங்கே விரல்கள் இல்லை. வெற்றிடத்தில் விண்கலத்தின் பசையும் பிளாஸ்டிக்குமே ஆவியைக் கசியவிடுகின்றன. அது கண்ணாடியில் படிந்தால், கண்ணுக்குப் புலப்படாத அம்மெல்லிய படலம் புறஊதா ஒளியை விழுங்கிவிடும். ஆவியின் பெரும்பகுதி வெளியேறட்டுமென்று, நவம்பர் 30 வரை, ஏறத்தாழ இரண்டு மாதம் மூடியைத் திறக்காமல் காத்திருந்தார்கள்.

படிந்தபின் அங்கே போய்த் துடைப்பவர் எவருமில்லை. அப்பாவும் அன்று துடைத்துப் பார்த்தார். பிறகு எங்களை ஒன்றும் சொல்லாமல் நெய்யத் தொடங்கினார்.