பேஸ் கிட்டாருக்கு எந்தக் கம்பி?

போடிநாயக்கனூர்க்காரர்களுக்கு பேஸ் கிட்டார் பற்றிப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. 1976-ல் 'அன்னக்கிளி'யோடு வந்து, பேஸையும் தனியாகப் பாட வைத்த இளையராஜா பக்கத்துப் பண்ணைப்புரத்துக்காரர்தானே! குழப்பமெல்லாம் கம்பி வாங்கும்போதுதான். ரவுண்ட்வவுண்டில் உருண்டைக் கம்பி சுற்றியிருக்கும். பளிச்சென்ற சத்தம், ஆனால் விரலை நகர்த்தினால் 'கிர்ர்'. இடுக்கில் வியர்வையும் அழுக்கும் சேர்ந்து சீக்கிரமே மங்கிவிடும். ஃப்ளாட்வவுண்டில் சுற்றியிருப்பது பட்டைக் கம்பி. வழவழப்பு, 'தும்' என்று அடக்கமான நாதம். விலைதான் கூடுதல். ஆனால் அமெரிக்காவில் மோட்டவுன் பாடல்களுக்கு வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சனும் ஃப்ளாட்வவுண்ட்தான். அறுந்தால் ஒழிய மாற்றமாட்டாராம்! போடிமெட்டுப் பனியிலும் ஏலத்தோட்டத்து ஈரத்திலும் வாசிக்கிற பையனுக்கு அடிக்கடி செட் வாங்கக் காசு ஏது? அவனுக்கு இதுவே மேல். பெரும்பாலும் இழுவிசை கூடும், கழுத்து வளைகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். ஸ்லாப் அடிப்பவர்கள் இந்தப் பக்கம் வரவேண்டாம்.