பத்தாவது தாள்

ஆண்டு விழா ஒத்திகை தொடங்கிவிட்டால் எங்கள் மாலைப் படிப்பு மேளச் சத்தத்துக்கு நடுவில்தான். மேடைக்கு அடுத்த அறை எங்களுடையது. வேறு அறை வேண்டுமென்று பன்னிரண்டாம் வகுப்பு மாணவியராகிய நாங்கள் போய் நின்றோம். தலைமையாசிரியை சிஸ்டர் சிரித்தார். "சத்தத்தால் படிப்புக் கெடுகிறது என்று கணக்கோடு காட்டுங்கள், பார்ப்போம்" என்றார். விடுவோமா நாங்கள்?

கணித டீச்சர் வழி சொன்னார். பத்துப் பேர், ஆளுக்கு 20 சொற்கள் கொண்ட இரண்டு பட்டியல்கள். ஒன்றை நூலகத்தின் அமைதியில் மனப்பாடம் செய்து எழுத வேண்டும், மற்றதை ஒத்திகைச் சத்தத்தில். பாதிப் பேர் நூலகத்திலும் மீதிப் பேர் மேடையருகிலும் தொடங்கினோம். இல்லையேல் இரண்டாம் முறை வரும் பழக்கமோ அலுப்போ கணக்கைக் கெடுத்துவிடுமாம்.

எட்டுப் பேர் நூலகத்தில்தான் அதிகம் எழுதியிருந்தனர்: 1, 2, 2, 3, 3, 4, 4, 5 சொற்கள் கூடுதல். ஒருத்திக்கு மட்டும் சத்தத்தில் 1 கூடியது. பத்தாவது தாளைப் பிரித்ததும் திடுக்கிட்டோம். அவள் சத்தத்தில் 6 சொற்கள் அதிகம் எழுதியிருந்தாள்!

சராசரி போதாதா என்று கேட்டோம். இருப்பதோ பத்தே பேர். வித்தியாசங்கள் மணி வடிவ வளைவில் அமையும் என்று எதை நம்பிச் சொல்வது, ஒருத்தியே சராசரியை இழுத்துவிடுவாளே என்றார் டீச்சர். அவர் கற்றுத்தந்தது பண்பளவை சாராச் சோதனை ஒன்று. பிராங்க் வில்காக்சன் என்ற வேதியியலாளர் 1945-இல் நான்கே பக்கக் கட்டுரையில் வெளியிட்டது. ஈக்கொல்லி மருந்துகளை ஒப்பிடும் கணக்கும் அதில் உண்டு என்றதும் வகுப்பே சிரித்தது.

கூட்டல் கழித்தல் குறியை மறந்துவிட்டு, வித்தியாசங்களைச் சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கி 1 முதல் 10 வரை தரம் கொடுக்க வேண்டும். சமமானவை தரத்தைப் பங்கிட்டுக்கொள்ளும். இரண்டு ஒன்றுகளுக்கும் ஆளுக்கு ஒன்றரை. பிறகு குறியைத் திருப்பிக் கொடுத்து, இரு பக்கத் தரங்களையும் தனித்தனியே கூட்ட வேண்டும். சத்தம் எதையும் மாற்றாவிட்டால் மொத்தத் தரமான 55 இருபுறமும் ஏறக்குறையச் சமமாகப் பிரியும். பத்துப் பேருக்குச் சிறிய கூட்டுத்தொகை 8 அல்லது அதற்குக் கீழே வந்தால்தான், அந்தச் சாய்வு தற்செயலாக வர நூற்றுக்கு ஐந்து வாய்ப்புக்கூட இல்லை என்று கொள்ளலாம். எங்களுக்கு வந்தது ஒருபுறம் 43.5, மறுபுறம் 11.5.

"அந்தப் பத்தாவது தாளை எடுத்துவிட்டால்?" என்றாள் ஒருத்தி. யார் என்று இங்கே எழுத மாட்டோம். கேட்கத் துடித்தது எல்லோரும்தான். ஒன்பது பேருக்கு எல்லை 5. எங்கள் சிறிய தொகை 1.5. வெற்றி! அழகான கையெழுத்தில் விண்ணப்பம் கூட எழுதிவிட்டோம்.

அவள் அதைப் பார்த்துவிட்டாள். "என்னை ஏன்டி விட்டுட்டீங்க? நானும்தானே எழுதினேன்?" என்றாள். அவள் வீட்டுச் சுவரை ஒட்டி இரும்புப் பட்டறை. பிறந்தது முதல் சம்மட்டிச் சத்தத்தில் தூங்கியவள், படித்தவள். நூலகத்தில் தன் மூச்சுச் சத்தமே கேட்டுப் பயமாக இருந்ததாம். ஆறு ஆண்டுகள் உடன் படித்தும் எங்களில் ஒருவரும் அவள் வீட்டுக்குப் போனதில்லை.

விண்ணப்பத்தைக் கிழித்தோம். பத்துப் பேரையும் சேர்த்து எழுதிய புதிய தாளின் கடைசி வரி: "உறுதியாகச் சொல்ல முடியவில்லை." சிஸ்டர் இரண்டு முறை படித்தார். அறையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. "அடுத்த முறை இருபது பேரை வைத்துச் செய்யுங்கள்" என்றார்.

ஒத்திகை இன்னும் நடக்கிறது. அவளைத் தவிர நாங்கள் எல்லோரும் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு படிக்கிறோம்.