விளக்கும் விளைநிலமும்

அயல்நாட்டு வயல்களையும் சந்தைகளையும் உணவையும் கண்டுவரக் கூட்டமாகச் செல்வது இக்காலத்தில் பெருகி வருகிறது. கொரிய நாட்டிற்கும் அவ்வாறு செல்வோர் உளர். நெய்வேலி நகரியத்தில் வாழும் நாங்களோ, பங்குக் குடும்பங்கள் சிலவாகச் சேர்ந்து, ஒரே நாளில் சென்று மீளத்தக்க பயணமொன்றை மேற்கொண்டோம். தட்டில் விழும் உணவு எந்த மண்ணிலிருந்து வருகிறது என்பதைப் பிள்ளைகள் கண்ணால் காண வேண்டும் என்பதே எங்கள் நோக்கம்.

ஆர்ச் கேட்டைக் கடந்து வடக்கே சென்றால், சாலையின் இருமருங்கும் செம்மண் நிலம்; அதில் முந்திரித் தோப்புகள்; இடையிடையே பலா. முந்திரியின் தாயகம் பிரேசில். 16ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் அதனை இந்தியாவிற்குக் கொணர்ந்தனர். இன்று அது இம்மண்ணின் பிள்ளையாகவே மாறிவிட்டது.

காடாம்புலியூர்ப் பகுதியில் பெண்கள் அமர்ந்து கொட்டை உடைப்பதைக் கண்டோம். ஓட்டிலுள்ள எண்ணெய் பட்டால் தோல் புண்ணாகும். ஆகவே சாம்பலோ எண்ணெயோ கையில் பூசிக்கொண்டு உடைக்கின்றனர். ஆப்பிரிக்க நாடுகளிலிருந்து கப்பலேறி வரும் கொட்டைகளும் இவ்வட்டாரத்தில் உடைபடுகின்றன. "இனிப் பாயசத்தில் ஒரு பருப்பைக்கூட ஒதுக்கமாட்டேன்" என்றாள் எங்களுடன் வந்த சிறுமி.

பண்ருட்டி மண்டியில் பலாப்பழங்கள் மலையெனக் குவிந்திருந்தன. ஒன்றைத் தூக்க இருவர் வேண்டியிருந்தது. பிஞ்சு பொரியலுக்கும் கொட்டை குழம்பிற்கும் சுளை விருந்திற்கும் ஆவதால், இம்மரத்தில் வீணாவது குறைவு. ஆயினும் 2011 டிசம்பர் 30 அன்று வீசிய 'தானே' புயலில், பாட்டன் காலத்து மரங்களும் ஒரே நாளில் வேரோடு சாய்ந்தன. பலன் காணப் பல ஆண்டுகள் ஆகும் என்றறிந்தும் உழவர் மீண்டும் கன்று நட்டனர்.

அங்கிருந்து திரும்பி வடலூரை அடைந்தோம். 1867இல் வள்ளலார் அங்கே தருமசாலையைத் தொடங்கினார். அன்று மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையவில்லை. அதற்குப் பார்வதிபுரத்து மக்கள் அளித்த நிலம் 80 காணி என்பர். சாதியோ சமயமோ வினவாது பசித்தோர்க்கு அன்னம் இடுகின்றனர். நாங்களும் வரிசையில் அமர்ந்து உண்டோம்.

நிலம் ஈந்தவர்களைப் பற்றி அங்கே கேட்டதும், எங்கள் நகரியத்தின் கதை நினைவிற்கு வந்தது. 1930களில் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் கிணறு தோண்டியபோது கரிய பொருள் வெளிப்பட்டது. 1956இல் நிறுவனம் உருவாயிற்று. 1957இல் பிரதமர் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார். பல சிற்றூர்களின் மக்கள் வீட்டையும் வயலையும் விட்டுப் பெயர்ந்தனர். சுரங்கத்திலிருந்து இறைக்கப்படும் நீர் சில வயல்களை நனைப்பதும் உண்மை. சுரங்கம் விரியும்தோறும் வயல்கள் மறைவதும் உண்மை.

மாலையில் தெற்கே வளையமாதேவிப் பக்கம் சென்றோம். 2023 ஜூலையில், முன்னரே கையகப்படுத்தப்பட்ட நிலத்தில் கால்வாய் வெட்டுவதற்காக, விளைந்துகொண்டிருந்த நெற்பயிரின்மேல் இயந்திரங்கள் இறங்கிய இடம் அது. வழக்கு உயர்நீதிமன்றம் சென்றது. பயிரிழந்தோர்க்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் வழங்குமாறு ஆணையாயிற்று. பணத்தால் பயிரின் விலையை ஈடுசெய்யலாம். பால்பிடித்த கதிர் மண்ணில் புதைவதைக் கண்ட உழவனின் நெஞ்சை எதனால் ஈடுசெய்வது?

மின்விளக்கு வேண்டா என்று சொல்வோர் நம்மில் எவருமிலர். ஆனால் நம் விளக்கும் நம் சோறும் ஒரே மண்ணிலிருந்து வருகின்றன என்பதையும், ஒன்றிற்காக மற்றொன்றை இழந்தவர் நம் அயலார் என்பதையும் மறத்தல் தகாது. அன்புமிக்க பெற்றோரே, அடுத்த முறை சந்தையில் கீரை விற்கும் அம்மையாரிடம் பேரம் பேசுமுன், அவரது ஊரின் பெயரைக் கேளுங்கள். அருகில் நிற்கும் பிள்ளையும் அதனைக் கேட்கட்டும்.