ஐவரில் ஒருவர்



தமிழாசிரியர் ஒருவருக்குச் சட்டம் கற்பிக்கும் கடமை வந்து சேரும் என்று நாம் எதிர்பார்த்ததில்லை. பணிநேரக் கணக்கில் வாரத்திற்கு இரண்டு மணி குறைகிறது என்று கூறி, இளங்கலை மாணவர்களுக்கான இந்திய அரசியலமைப்புப் பொதுத்தாளை எம்மிடம் ஒப்படைத்தார்கள். தொல்காப்பியத்திலும் சிலம்பிலும் பழகிய கண்களுக்கு, உறுப்புகளும் உட்பிரிவுகளும் முதலில் வறண்ட நிலமாகவே தோன்றின. அந்த நிலத்தில் நாம் எதிர்ப்பட்ட ஒரு மனிதரைப் பற்றியும், அவரை அறிந்தபின் எம்மை நாமே எவ்வாறு காண நேர்ந்தது என்பதைப் பற்றியும் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

அவர் நீதியரசர் ஹன்ஸ் ராஜ் கன்னா. 1912-இல் அமிர்தசரஸில் பிறந்தவர். 1971-இல் உச்ச நீதிமன்ற நீதிபதியானவர். 2008-இல் மறைந்தார்.

வகுப்பில் ஆட்கொணர்வு மனுவைப் பற்றிச் சொல்லும்போது, தமிழாசிரியருக்கே உரிய பழக்கத்தால் சொல்லைப் பிரித்துக் காட்டுவோம். ஆள், கொணர்வு. ஆளைக் கொண்டுவந்து முன்னே நிறுத்துதல். ஒருவரைக் காவலில் வைத்திருக்கும் அரசைப் பார்த்து, “அவரை அழைத்து வா, எந்தச் சட்டப்படி பிடித்தாய் என்று சொல்” என நீதிமன்றம் கேட்கும் கேள்வி அது. இந்தக் கேள்வியைக் கேட்கும் உரிமை நீதிமன்றத்திற்கு உண்டா என்பதே ஒரு காலத்தில் வழக்காயிற்று என்றால், இன்றைய மாணவர்கள் நம்ப மறுக்கிறார்கள்.

1975 ஜூன் 25 அன்று நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது. இரண்டு நாள் கழித்து, ஜூன் 27 அன்று, குடியரசுத் தலைவரின் ஆணை ஒன்று வெளியாயிற்று. அரசியலமைப்பின் 14, 21, 22 ஆகிய உறுப்புகள் தரும் உரிமைகளுக்காக எவரும் நீதிமன்றத்தை நாட இயலாது என்றது அவ்வாணை. சமத்துவம், உயிரும் உடல்சார்ந்த விடுதலையும், கைதானவர்க்குரிய பாதுகாப்பு ஆகியவை பற்றிய உறுப்புகள் இவை. மிசா என்னும் சட்டத்தின் கீழ் ஏறத்தாழ 35,000 பேர் விசாரணையின்றி அடைக்கப்பட்டனர். சிறைப்பட்டோர் சார்பில் ஆங்காங்கே ஆட்கொணர்வு மனுக்கள் தாக்கலாயின. அவற்றை விசாரிக்க எமக்கு அதிகாரம் உண்டு என்று ஒன்பது உயர் நீதிமன்றங்கள் கூறின. மைய அரசு உச்ச நீதிமன்றத்திற்குச் சென்றது. ஜபல்பூர் வழக்கு என்று சட்ட நூல்கள் குறிப்பிடுவது இதனைத்தான்.

வழக்கைக் கேட்க அமர்ந்தவர்கள் ஐவர்: தலைமை நீதிபதி ஏ.என். ரே, எச்.ஆர். கன்னா, எம்.எச். பெக், ஒய்.வி. சந்திரசூட், பி.என். பகவதி. விசாரணையின்போது அரசின் தலைமை வழக்கறிஞர் நிரேன் டேயிடம் கன்னா ஒரு வினா எழுப்பினார். காவல் அதிகாரி ஒருவர் தம் சொந்தப் பகை காரணமாக ஒருவரைக் கொன்றுவிட்டால், அப்போதும் நீதிமன்றத்தில் பரிகாரம் இல்லையா என்பது வினா. நெருக்கடி நிலை நீடிக்கும் வரை, தம் வாதத்தின்படி, இல்லை என்றே நிரேன் டே விடையளித்தார். அது தம் மனச்சான்றையும் அதிர வைப்பதாக அவரே ஒப்புக்கொண்டார் என்பதும் பதிவாகியுள்ளது. ஓர் அரசின் வாதம் எங்கே சென்று முடியும் என்பதை ஒற்றை வினாவால் வெளியே கொணர்ந்துவிட்டார் கன்னா.

1976 ஏப்ரல் 28 அன்று தீர்ப்பு வெளியாயிற்று. நால்வர் அரசின் பக்கம் நின்றனர். சிறைப்பட்டோரை அரசு தாயன்புக்கு நிகரான பரிவுடன் பேணுவதாகக் கூட நீதிபதி பெக் தம் தீர்ப்பில் எழுதினார். கன்னா ஒருவர் மட்டுமே மாறுபட்டார். உயிரும் விடுதலையும் 21-ஆம் உறுப்பு நமக்கு வழங்கிய கொடைகள் அல்ல. அந்த உறுப்பு எழுதப்படுவதற்கு முன்பும், சட்டத்தின் அனுமதியின்றி ஒருவர் உயிரைப் பறிக்க எந்த அரசுக்கும் அதிகாரம் இருந்ததில்லை. ஆதலால் அந்த உறுப்பை நிறுத்தி வைத்தாலும் அவ்வதிகாரம் பிறந்துவிடாது. இதுவே அவர் வாதத்தின் சாரம். மாறுபட்ட தீர்ப்பு என்பது வருங்காலத்தின் அறிவை நோக்கிச் செய்யும் முறையீடு என்னும் கருத்தை, அமெரிக்கத் தலைமை நீதிபதி ஹியூஸிடமிருந்து எடுத்துத் தம் தீர்ப்பின் இறுதியில் வைத்தார்.

இதற்கு விலை உண்டு என்பதை அவர் அறிந்தே இருந்தார். தீர்ப்பு வெளியாகும் முன்பு, அரித்துவாரத்தில் கங்கைக் கரையில் அமர்ந்திருந்தபோது, தாம் எழுதியுள்ள தீர்ப்பு தலைமை நீதிபதிப் பதவியை இழக்கச் செய்யும் எனத் தம் தங்கையிடம் கூறியதாகத் தம் தன்வரலாற்றில் எழுதியிருக்கிறார். அவ்வாறே நடந்தது. 1977 ஜனவரியில், பணிமூப்பில் அவருக்கு அடுத்திருந்த பெக் தலைமை நீதிபதியாக்கப்பட்டார். கன்னா பதவி விலகினார். அந்த ஐவருள் தலைமை நீதிபதி ஆகாதவர் அவர் ஒருவரே.

இவ்விடத்தில் ஒவ்வோர் ஆண்டும் யாரேனும் ஒரு மாணவர் எழுந்து, “ஐயா, அவர் தோற்றவர்தானே? அவர் எழுதியதால் ஒருவர்கூட வெளியே வரவில்லையே?” என்று கேட்பதுண்டு. நியாயமான கேள்வி. அன்று சிறையில் இருந்தவர்க்கு அத்தீர்ப்பு ஒரு கதவையும் திறக்கவில்லை என்பது உண்மை. பின்னர் நடந்தவற்றை நாம் வரிசையாகக் கூறுவோம்.

1978-இல் இயற்றப்பட்ட 44-ஆவது திருத்தம், நெருக்கடி நிலையிலும் 20, 21 ஆகிய உறுப்புகளுக்கான பாதுகாப்பை நிறுத்தி வைக்க முடியாது என்று ஆக்கியது. அதே ஆண்டு ஜனவரியில் மேனகா காந்தி வழக்கில் உச்ச நீதிமன்றம், ஒருவரின் விடுதலையைப் பறிக்கும் நடைமுறை நியாயமானதாக இருக்க வேண்டும் என்றது. அவருடைய கடவுச்சீட்டை, அவர் தரப்பைக் கேளாமலே அரசு முடக்கியதுதான் அவ்வழக்கு. அதில் முதன்மைத் தீர்ப்பை எழுதியவர், ஜபல்பூர் வழக்கில் நால்வருள் ஒருவராயிருந்த அதே பகவதி. ஜபல்பூரில் தாம் எடுத்த நிலை தவறு என்று 2011-இல் அவர் வெளிப்படையாகவே வருந்தினார். 2017 ஆகஸ்ட் 24 அன்று, அந்தரங்க உரிமை பற்றிய புட்டசாமி வழக்கில், ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு ஜபல்பூர் பெரும்பான்மைத் தீர்ப்பை நீக்கியது. அத்தீர்ப்பு பிழையானது என்று அங்கே எழுதியவர் டி.ஒய். சந்திரசூட், ஜபல்பூர் அமர்வில் இருந்த ஒய்.வி. சந்திரசூட்டின் மகன். கன்னா தனியாய் நின்று எழுதியது 41 ஆண்டுகள் கழித்து நாட்டின் சட்டமாயிற்று.

இன்னொன்றையும் மறவாமல் கூறுவோம். ஜபல்பூருக்கு மூன்றாண்டுகள் முன்பு, 1973 ஏப்ரல் 24 அன்று, கேசவானந்த பாரதி வழக்கில் பதின்மூன்று நீதிபதிகள் ஏழுக்கு ஆறு எனப் பிரிந்தபோது, தராசின் முள்ளாக நின்றது கன்னாவின் தீர்ப்புதான். நாடாளுமன்றம் அரசியலமைப்பைத் திருத்தலாம், ஆனால் அதன் அடிப்படைக் கட்டமைப்பை அழிக்க முடியாது என்னும் கோட்பாடு அதிலிருந்தே உறுதிபெற்றது. அங்கே அவர் பெரும்பான்மையில் இருந்தார், வென்றார். இருப்பினும், தனித்து நின்ற தீர்ப்பே எம்மை விடாமல் பற்றிக்கொண்டது. அதற்குக் காரணம் சட்டம் அன்று. எம் சொந்த வாழ்வில் நடந்த ஒன்று.

சில ஆண்டுகளுக்கு முன்பு நாம் பணியாற்றிய ஒரு கல்லூரியில், விடுதி உணவுக்கூடத்தில் ஓர் இரவு பூசல் மூண்டது. கண்ணாடிக் கதவு ஒன்று உடைந்தது. விடுதிக் காப்பாளர் எழுதிய அறிக்கையில் இரண்டாம் ஆண்டு மாணவர் ஒருவரின் பெயர் இருந்தது. விசாரிக்க ஐவர் கொண்ட குழு அமைந்தது. நாமும் அதில் ஓர் உறுப்பினர். மறுநாள் தேர்வுகள் தொடங்கவிருந்தன. அறிக்கை தெளிவாக இருக்கிறது, இன்றே முடித்துவிடலாம் என்றார் தலைவர். தேநீர் வந்தது. மாணவரை விடுதியிலிருந்து நீக்குவது என்று எழுதப்பட்ட தாள் கைமாறி வந்தது. அவரை அழைத்துக் கேட்கவில்லையே என்ற எண்ணம் எமக்கு எழுந்தது. எழுந்தது உண்மை. ஆயினும் கையொப்பமிட்டோம்.

எமக்குப் பின் தாளைப் பெற்றவர் கணிதத் துறை அம்மையார். அதிகம் பேசாதவர். தாளை இருமுறை படித்தார். “பையனைக் கூப்பிட்டுக் கேட்காமல் நான் எப்படிக் கையெழுத்துப் போடுவது?” என்றார். யாரும் விடை கூறவில்லை. எம் கையொப்பத்திற்குக் கீழே, மாணவரின் விளக்கத்தைக் கேளாமல் எடுக்கப்படும் இம்முடிவில் தமக்கு உடன்பாடு இல்லை என்று ஒரே வரியை எழுதிக் கையொப்பமிட்டார். நால்வருக்கு ஒருவர். ஆணை பிறந்தது. அதன்பின் எந்தக் குழுவிலும் அந்த அம்மையாரின் பெயர் இடம்பெற்றதாக எமக்கு நினைவில்லை.

அன்று காலை முதல் பாடவேளையில் நாம் நடத்தியது சிலப்பதிகாரம், கொலைக்களக் காதை. தேவியின் ஊடலைத் தணிக்கச் சென்றுகொண்டிருந்த பாண்டியன், பொற்கொல்லன் சொன்ன சொல்லை ஆராயாமல் ஆணையிட்டதை வழக்கமான சினத்துடன் விளக்கியிருந்தோம். ஆனால் அக்காதையில் நாம் விரைந்து கடந்துவிடும் ஓரிடம் உண்டு. கோவலனைக் கண்ட காவலர்கள், இவன் கொல்லத் தக்கவனாகத் தோன்றவில்லையே என்று ஐயுறுகிறார்கள். பொற்கொல்லன் கள்வர்தம் திறங்களை அடுக்கிப் பேசி அந்த ஐயத்தை மழுங்கடிக்கிறான். ஐயுற்றவர்களுள் ஒருவரேனும் திரும்பிச் சென்று மன்னனிடம் கூறியிருந்தால் என்னவாகியிருக்கும்? பாண்டியனின் பிழையைப் பற்றி இருபது ஆண்டுகளாகத் தேர்வு வினா எழுதி வந்த நாம், அந்தக் காவலர்களைப் பற்றி ஒரு வினாவும் எழுதியதில்லை. எம் இடம் அவர்களிடையே இருந்ததை அன்று மாலை அறிந்துகொண்டோம்.

மாணவர் படிப்பைக் கைவிடவில்லை. இரண்டு பேருந்து மாறி ஊரிலிருந்தே வந்து போனார். முதல் பாடவேளைக்கு அவர் தாமதமாக வந்த நாள்களை வருகைப் பதிவேட்டில் குறித்தவர்களும் நாமே. மூன்றாம் ஆண்டின் இறுதியில், இரவல் பெற்ற சிலப்பதிகார உரைநூல் ஒன்றைத் திருப்பித் தர எம் அறைக்கு வந்தார். நூலை மேசைமீது வைத்துவிட்டுச் சற்று நின்றார்.

“ஐயா, அன்னைக்கு நான் பக்கத்துக் கட்டடத்துலதான் இருந்தேன். ஏன் என்னைக் கூப்பிடவே இல்ல?”

குரலில் சினம் இல்லை. தெரிந்துகொள்ளக் கேட்டார். ஆளைக் கொணர்ந்து நிறுத்து என்னும் அந்தப் பழைய கேள்வியை, யாரிடம் கேட்க வேண்டுமோ அவரிடமே கேட்டார். தேர்வு நெருக்கடி என்று ஏதோ சொன்னோம். அவர் தலையசைத்துச் சென்றுவிட்டார். கதவை உடைத்தவர் அவரா, இல்லையா என்பது இன்றுவரை எமக்குத் தெரியாது. கேட்டிருந்தால் தெரிந்திருக்கும்.

அவரிடம் நாம் மறைத்தது ஒன்று உண்டு. உமக்காக ஒருவர் எழுதினார் என்பதை நாம் கூறவில்லை. அதைக் கூறினால் மற்ற நால்வரைப் பற்றியும் கூற நேரும். ஆகவே வாளாவிருந்தோம்.

கன்னாவின் மாறுபட்ட தீர்ப்பைப் பின்னாளில் படித்தபோது, அதன் சட்ட நுட்பங்களைவிட வேறொன்றே எமக்குப் புலப்பட்டது. சிறையில் இருந்தவர்க்கு அது கதவைத் திறக்கவில்லை. ஆனால், அந்நாட்டின் உச்ச நீதிமன்றம் முழுவதும் அவர்களைக் கைவிட்டது என்று வரலாறு எழுத முடியாமல் செய்தது. பின்வந்தவர்கள் திரும்பிச் சென்று பற்றிக்கொள்ள ஓர் எழுத்து அங்கே இருந்தது. அது இல்லாதிருந்தால் 2017-இல் எதை மீட்டெடுத்திருப்பார்கள்? தம் வாழ்நாளிலேயே தாம் அமர்ந்திருந்த உச்ச நீதிமன்றத்தின் இரண்டாம் எண் அறையில் தம் உருவப்படம் வைக்கப்பட்ட பெருமை கன்னாவுக்குக் கிடைத்தது. கணித அம்மையாரின் வரி, நாம் அன்று பணியாற்றிய அலுவலகத்தின் ஏதோ ஒரு கோப்பில் கிடக்கும். அதற்குப் படம் வைப்பார் இல்லை. எழுதப்பட்டது எழுதப்பட்டதாகவே இருக்கும்.

“தோற்றவரை ஏன் படிக்க வேண்டும்?” என்று கேட்கும் மாணவர்களுக்கு இப்போதெல்லாம் நாம் ஜபல்பூர் வழக்குடன் நிறுத்திக்கொள்வதில்லை. இக்கதையையும், பெயர்களை நீக்கிவிட்டு, நால்வருள் எம் இடம் எது என்பதை நீக்காமல் கூறுகிறோம். வகுப்பு சற்று அமைதியாகிவிடுகிறது. அவ்வமைதியை எதிர்கொள்வது எமக்கு எளிதாக இல்லை.

அம்மாணவர் இப்போது எங்கே இருக்கிறார் என்று தெரியவில்லை. தமிழ் படிப்பதில் ஆர்வம் உள்ளவர். எப்போதேனும் இது அவர் கண்ணில் பட்டால், அன்று கூறாததை இங்கே கூறிவிடுகிறோம். தம்பி, அன்று உம்மை அழைத்துக் கேட்க வேண்டும் என்று ஒருவர் எழுதினார். அவர் நாம் அல்லர்.