பழைய கருவியும் பாட்டனார் ஏடும்

வாங்குமுன் ஆராய்தல் நன்று. ஆயின், அவ்வாராய்ச்சியே வாங்கவொட்டாமல் தடுத்துவிடுவதும் உண்டு. அத்தகைய தடுமாற்றத்தில் யாம் இரண்டு திங்கள் உழன்றோம்.

எம் உம்மாவின் தந்தையார் அரபுத்தமிழில் தம் கைப்பட எழுதிய ஏடொன்று எம் இல்லத்தில் உள்ளது. எழுத்து அரபு, மொழி தமிழ். தாலாட்டும் கைவைத்தியக் குறிப்பும் கடன் கணக்கும் அதில் விரவிக் கிடக்கின்றன. இராமபாணப் பூச்சி துளைத்த அத்தாள்கள் புரட்டுந்தோறும் உதிர்ந்தன. ஸ்கேனரில் கவிழ்த்து அழுத்தினால் கட்டு முறியும். கைப்பேசியோ மங்கிய மையைத் தன் போக்கில் 'திருத்தி'க் காட்டியது. எனவே, நல்லதொரு கேமரா தேடினோம்.

கடையொன்றில், ஒருவர் பயன்படுத்திய சோனி ஏ6000 தள்ளுபடி விலையில் இருந்தது. 2014இல் வெளிவந்த மிரர்லெஸ் வகை அது. எஸ்.எல்.ஆர். கேமராக்களில் லென்சுக்குப் பின்னுள்ள கண்ணாடி ஒளியை மேலே திருப்பி நம் கண்ணுக்குக் காட்டும். இவ்வகையில் அக்கண்ணாடி இல்லை. ஒளி நேரே உணரியில் விழும்.

குறைகளை எண்ணினோம். கை நடுக்கத்தை ஈடுசெய்யும் அமைப்பு அதன் உடலில் இல்லை. 4கே வீடியோ இல்லை. ஒருமுறை மின்னேற்றினால் ஏறத்தாழ 360 படங்களே எடுக்கலாம். 2023இல் வந்த ஏ6700இல் முதலிரண்டும் உண்டு. எனினும், பழையதன் படத்தில் 2 கோடியே 40 இலட்சம் புள்ளிகள். புதியதில் 2 கோடியே 60 இலட்சம். ஒன்பதாண்டு இடைவெளியில் இவ்வளவே வேறுபாடு.

எம் ஏட்டின் பக்கம் 9 அங்குல உயரம், 6 அங்குல அகலம். பழைய கருவியின் படமோ 6000க்கு 4000 புள்ளி. பக்கம் முழுதும் நிரம்ப எடுத்தால் அங்குலத்திற்கு 660 புள்ளிகளுக்கு மேல் கிடைக்கும். நல்ல அச்சுக்கு 300 போதும். மேலும், ஏடு ஓடுவதுமில்லை, அசைவதுமில்லை. முக்காலியில் நிறுத்திய கருவிக்கு நடுக்கமும் இல்லை.

கணக்கு இவ்வளவு தெளிந்தும், "விலை இன்னும் குறையுமோ?" என்று காத்திருந்தோம். உம்மா ஒருநாள் சொன்னார்: "கேமரா பழசா புதுசாண்டு நீ பாத்துக்கிட்டே இரு வாப்பா, பூச்சி தின்னுக்கிட்டே இருக்கும்."

அம்மழைக்காலத்தில் இரண்டு தாள்கள் ஒட்டிக்கொண்டன. பிரிக்கையில் பொடியாயின.

மறுநாளே கடைக்குச் சென்றோம். லென்சினுள் டார்ச் ஒளி பாய்ச்சிப் பூஞ்சை இல்லையெனக் கண்டோம். துளையைச் சுருக்கி வெண்சுவரைப் படமெடுத்து, உணரியில் தூசியில்லை என உறுதிசெய்தோம். வாங்கினோம். சன்னலோர வெளிச்சத்தில் நான்கு நாள்களில் ஏடு முழுவதும் படமாயிற்று.

பொடியான தாள்களில் இருந்த தாலாட்டின் சில அடிகளை உம்மா நினைவிலிருந்து சொன்னார், எழுதிக்கொண்டோம். எஞ்சியவற்றிற்காக இரண்டு வெற்றுப் பக்கங்களை விட்டு வைத்துள்ளோம்.

மாணவச் செல்வங்களே! உங்கள் வீட்டுப் பரணிலும் இத்தகைய ஏடு இருக்கக்கூடும். கையிலுள்ள கருவி எதுவாயினும், அதைக்கொண்டு இவ்விடுமுறையிலேயே தொடங்குங்கள். விலை குறையும்வரை காத்திருந்து யாம் மிச்சப்படுத்தியது ஒன்றுமில்லை. இழந்தவை இரண்டு தாள்கள்.