கொழும்பு 15-க்கு அங்கால

"உங்கட ஊர் எது?" என்ற கேள்விக்குக் கொழும்பில் பிறந்த தமிழ்ப் பிள்ளைகள் கொஞ்சம் முழிப்பார்கள். கொள்ளுப்பிட்டி என்று சொன்னால் கேட்டவருக்குத் திருப்தி வராது. "அது சரி, சொந்த ஊர்?" என்று அடுத்தது வரும். அப்பாவின் ஊர் கரவெட்டி, அம்மம்மாவின் ஊர் ஹட்டன் என்று ஏதாவது ஒன்றைச் சொன்னபிறகுதான் அவர் தலையாட்டுவார். மாவட்டத்தை மட்டும் யாரும் கேட்பதில்லை. ஆனால் பிறப்புச் சான்றிதழிலிருந்து பல்கலைக்கழக விண்ணப்பம் வரைக்கும் எங்களைக் கேட்காமலே எங்களோடு வருவது அதுதான். மாவட்டம்: கொழும்பு.

அந்தப் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்தால் கொஞ்சம் ஆச்சரியமாகத்தான் இருக்கிறது. இலங்கையின் 25 மாவட்டங்களில் பரப்பில் ஆகச் சின்னது கொழும்பு, 699 சதுர கிலோமீற்றர். சனத்தொகையில் நெடுங்காலம் முதலிடம். 2012 கணக்கெடுப்பில் 23 லட்சத்துக்குச் சற்று மேல். 1978 வரைக்கும் கம்பஹாவும் இதற்குள்தான் இருந்தது. பிரிந்துபோன அந்தப் பிள்ளை 2024 கணக்கெடுப்பில் தாயை முந்திவிட்டது. அதே வருடத் தேர்தலில் கொழும்புக்கு 18 பாராளுமன்ற ஆசனம், கம்பஹாவுக்கு 19. கச்சேரி நாரஹேன்பிட்டியில். அரசாங்க அதிபர் என்று பெரியவர்கள் இன்னும் சொல்லுறவரை இப்போது மாவட்டச் செயலாளர் என்கிறார்கள்.

எங்கட ஆட்களின் வாயில் கொழும்பு இலக்கங்களாகத்தான் வரும். கொள்ளுப்பிட்டி 3, பம்பலப்பிட்டி 4, வெள்ளவத்தை 6, கொட்டாஞ்சேனை 13. இந்தத் தபால் இலக்கங்கள் 15-இல் முடிந்துவிடும். அந்தப் பதினைந்தும் சேர்ந்த மாநகரசபைப் பகுதி வெறும் 37 சதுர கிலோமீற்றர்தான். மாவட்டத்தில் இருபதில் ஒரு பங்குக்குச் சற்று மேல், அவ்வளவுதான். மிச்சமெல்லாம் மொறட்டுவை, கெஸ்பாவ, மஹரகம, ஹோமாகம, பாதுக்கை, சீதாவாக்கை என்று கிழக்கே கேகாலை, இரத்தினபுரி எல்லை வரைக்கும் போகிறது. வடக்கே களனி கங்கை வேலி மாதிரி. மொத்தம் 13 பிரதேச செயலாளர் பிரிவுகள். வெள்ளவத்தைக்காரர் திம்பிரிகஸ்யாய பிரிவுக்குள் வருவார்கள், கொட்டாஞ்சேனைக்காரர் கொழும்புப் பிரிவுக்குள். கலியாண வீட்டில் ஒரே மேசையில் இருந்து சாப்பிடுகிறவர்களுக்கு இரண்டு வேறு கந்தோர்.

இந்தப் பிரிவு எங்களுக்கு ஏன் முக்கியம்? அரசியலமைப்பின் 22-ஆம் உறுப்புரையில் ஒரு கணக்கு இருக்கிறது. ஒரு பிரதேச செயலாளர் பிரிவின் சனத்தொகையில் மொழிச் சிறுபான்மையினர் எவ்வளவு பங்கு என்று பார்த்து, அங்கே இரண்டு மொழியிலும் நிர்வாகம் நடத்தும்படி ஜனாதிபதி பணிக்கலாம். மாவட்டம் முழுவதையும் எடுத்தால் தமிழர் பத்தில் ஒன்றுக்குச் சற்று மேல். நகரத்துக்குள் வந்தால் பத்தில் மூன்று பேரளவில். முஸ்லிம்களையும் சேர்த்தால் தமிழ் பேசுகிறவர்களின் பங்கு இன்னும் பெரியது. ஆக மாவட்டக் கணக்கில் சின்னதாகத் தெரிகிற தமிழ், நகரத்துக்குள் பெரிதாகத் தெரிகிறது. கோட்டை எங்கே கீறுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

இந்தக் கோடு பற்றிய சண்டை நூறு வருடப் பழசு. இலங்கைத் தேசிய காங்கிரஸ் 1919-இல் தொடங்கியபோது அதன் முதல் தலைவர் பொன்னம்பலம் அருணாசலம். யாழ்ப்பாணத்து வேர் உள்ளவர், ஆனால் பிறந்தது கொழும்பில். கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேசர் கோயிலைக் கட்டியவர் அவருடைய தகப்பன். மேல் மாகாணத் தமிழருக்குச் சட்டசபையில் ஓர் ஆசனம் கிடைக்க ஆதரவு தருவோம் என்று ஜேம்ஸ் பீரிஸும் ஈ. ஜே. சமரவிக்ரமவும் அருணாசலத்துக்கு வாக்குக் கொடுத்திருந்தார்கள். 1921-இல் கொழும்பு நகர ஆசனம் ஜேம்ஸ் பீரிஸுக்கே போனது. அருணாசலம் காங்கிரஸை விட்டு வெளியேறினார். இதைப் பள்ளிக்கூட வரலாற்றுப் புத்தகத்தில் சிங்கள-தமிழ் உறவின் முதல் விரிசல் என்று இரண்டு வரியில் படித்துவிட்டுப் போவோம். ஆனால் சண்டை நடந்தது வடக்கு கிழக்கைப் பற்றியல்ல. கொழும்பில் இருக்கிற தமிழரைக் கொழும்புக்காரராகக் கணக்கில் எடுப்பதா, விடுவதா என்பதைப் பற்றி.

அந்தக் கேள்விக்கு மிக மோசமான பதில் கிடைத்த நாள் 2007 ஜூன் 7. வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டைப் பக்க லொட்ஜுகளில் தங்கியிருந்த 376 தமிழரை, கொழும்பில் இருக்கத் தகுந்த காரணமில்லை என்று சொல்லி, பஸ்ஸில் ஏற்றி வடக்குக்கும் கிழக்குக்கும் அனுப்பினார்கள். மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் வழக்குப் போட, அடுத்த நாளே உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. பிரதமர் ரத்னசிறி விக்கிரமநாயக்க பிறகு வருத்தம் தெரிவித்தார். அனுப்பப்பட்டவர்கள் வைத்தியத்துக்கும் வேலைக்கும் வெளிநாட்டுப் பயணத்துக்கும் வந்தவர்கள். ஆனால் லொட்ஜில் இல்லாமல் சொந்த வீட்டில், மூன்று தலைமுறையாக இருந்தவர்களும் அன்றைக்கு நித்திரை கொள்ளவில்லை. மாவட்டம் கொழும்பு என்று எழுதிய காகிதம் எவ்வளவு பாரம் தாங்கும் என்று அன்று யாருக்கும் தெரியவில்லை.

இதெல்லாம் வெள்ளவத்தைத் தமிழருக்குத் தெரிந்த கதை. தெரியாத கதை 15-க்கு அங்கால இருக்கிறது.

மருதானையிலிருந்து களனிவெளி ரயிலில் ஏறினாலும் சரி, புறக்கோட்டையில் 122 பஸ் எடுத்தாலும் சரி, மாவட்டத்தின் மறுமுனை அவிசாவளை. போகப் போக ஃபிளாட்டுகள் குறைந்து றப்பர் மரங்கள் தொடங்கும். றப்பர் இருந்தால் தோட்டம், தோட்டம் இருந்தால் லயன், லயன் இருந்தால் எங்கட ஆட்கள். மலையகம் என்றால் நுவரெலியா, பதுளை என்று நினைக்கப் பழகிய மனசுக்கு, கொழும்பு மாவட்டத்துக்குள்ளேயே தோட்டத் தமிழர் இருப்பது புதினமாக இருக்கும். ஆனால் அங்கேயும் விடிய வெள்ளெனப் பால் வெட்டப் போகிறார்கள். அந்த விகிதக் கணக்குக்கு அவர்கள் வரமாட்டார்கள், சுற்றிவரச் சிங்களக் கிராமங்கள். நகரத்துத் தமிழருக்குக் கை கொடுக்கிற அதே உறுப்புரை அவர்களிடம் வரும்போது கையை விரிக்கிறது. (போகிறவர்கள் அவிசாவளையில் பெரெண்டி கோயிலையும் பாருங்கள். சீதாவாக்கை அரசன் முதலாம் இராஜசிங்கன் 16-ஆம் நூற்றாண்டில் தொடங்கிய கோயில் என்பார்கள், இப்போது இடிபாடு. செதுக்கிய கல்லைத் தடவிப் பார்க்கவே ஒருநாள் போகலாம்.)

ஏ.எல். எடுக்கிற வயசில்தான் இந்த மாவட்டம் என்ற பெட்டி உண்மையில் கடிக்கும். கலைப் பிரிவு போன்ற சிலதைத் தவிர, பல்கலைக்கழக இடங்களில் 40 வீதம் அகில இலங்கைத் திறமைக்கு. 55 வீதம் சனத்தொகைப்படி மாவட்டங்களுக்கு. மீதி 5 வீதம் கல்வியில் பின்தங்கியவை என்று பட்டியலிட்ட மாவட்டங்களுக்கு. கொழும்பு அந்தப் பட்டியலில் இல்லை, இருக்கவும் நியாயமில்லை. மருத்துவத்துக்கும் பொறியியலுக்கும் கொழும்பின் வெட்டுப்புள்ளி எவ்வளவு உயரம் என்பது இசட் புள்ளி வந்த அன்றைக்கு அழுத வீடுகளுக்குத் தெரியும். "முல்லைத்தீவில் படிச்சிருந்தா மெடிசின் கிடைச்சிருக்கும்" என்று பெருமூச்சு விடுகிற அண்ணாமாரை எல்லாக் குடும்பத்திலும் காணலாம்.

அந்தப் பெருமூச்சு எங்களுக்குப் பெரிதாக விளங்குவதில்லை. கொழும்பு 3-இலும் 6-இலும் இருக்கிற பிள்ளைக்கு மூலைக்கு மூலை ரியூஷன், தமிழ் மொழிமூலம் உயர்தர விஞ்ஞானம் படிப்பிக்கிற பள்ளிக்கூடங்கள், கடைசிக்கு நல்ல வெளிச்சமுள்ள ஒரு மேசையாவது இருக்கிறது. அவிசாவளைப் பக்கத் தோட்டத்துப் பிள்ளைக்கும் அதே வெட்டுப்புள்ளிதான். இதே பிள்ளை ஒரு எல்லை தள்டி இரத்தினபுரி மாவட்டத்துத் தோட்டத்தில் படித்திருந்தால் அந்த 5 வீதப் பட்டியலுக்குள் வந்திருப்பாள். அதே றப்பர், அதே லயன், அதே மழை. கொழும்பு என்ற பெயர் அவளுக்குக் கொடுத்தது ஒன்றுமில்லை, எடுத்தது மட்டும்தான்.

மாவட்ட ஒதுக்கீடே வேண்டாம் என்று சொல்லவரவில்லை. அதை எடுத்தால் வன்னிப் பிள்ளைகளும் மொனராகலைப் பிள்ளைகளும்தான் முதலில் விழுவார்கள். மாவட்டம் என்ற அளவுகோல் பெரிது என்பதுதான் எங்கட சண்டை. மொழிக்குப் பிரதேச செயலாளர் பிரிவு வரைக்கும் இறங்கி எண்ணத் தெரிந்த அரசுக்கு, படிப்புக்கும் அதே மட்டத்துக்கு இறங்கி எண்ணுவது முடியாத காரியமா? சீதாவாக்கையைத் தனியாகவும் திம்பிரிகஸ்யாயவைத் தனியாகவும் பார்த்தால் யாருக்கு என்ன இல்லை என்று அரை மணித்தியாலத்தில் தெரிந்துவிடும். அந்தக் கணக்கைக் கேட்கிற குரல் அவிசாவளையிலிருந்து மட்டும் வந்தால் நாரஹேன்பிட்டி வரைக்கும் கேட்காது. வெள்ளவத்தையிலிருந்தும் வரவேண்டும்.